316எல் பீஸ் நிக்க வச்சு பிரிண்ட் அடிச்சா மட்டும் பட்டுன்னு உடையுது, அவசரம்

அம்பத்தூர்_அவசரம்: மக்களே 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பவுடர லேசர்ல உருக்குற 3டி பிரிண்டர்ல டென்சைல் பீஸ் (இழுத்துப் பாக்குற சோதனைத் துண்டு) பிரிண்ட் பண்ணி கிண்டில ஒரு லேப்ல குடுத்தேன், படுக்க வச்சு அடிச்சது நல்லா இழுக்குது, நிக்க வச்சு அடிச்சது எலாங்கேஷன் (உடையறதுக்குள்ள எவ்ளோ நீளுதுங்கறது) 11 சதவீதம் தான் வருது, பட்டுன்னு போகுது. செட்டிங்ஸ் எல்லாம் மெஷினோட வந்ததுதான். கஸ்டமர் நாளைக்கு கேக்குறாரு

பவுடர்பாண்டி: பவுடர்ல ஈரம். கண்ண மூடிட்டு சொல்லலாம். நம்ம ஊரு காத்துக்கு டப்பாவ திறந்தாலே போச்சு

லேயர்லோகு: லேயர் எவ்ளோ தடிமன்? லேசர் வாட்ஸ், ஸ்பீடு, ஹேட்ச் (லேசர் கோடுகளுக்கு நடுவுல இடைவெளி)? கேஸ் ஆர்கானா நைட்ரஜனா?

மூத்த_உலோகன்: தம்பி, இதே கேள்வி எத்தன தடவ வந்தாச்சு, பழைய இழைய தேடிப் பாக்குற பழக்கமே போச்சு. யீல்டு (நிரந்தரமா நீள ஆரம்பிக்குற பலம்) எவ்ளோ, உடைஞ்ச முகம் எப்படி இருக்கு, ஒண்ணும் இல்ல. ஜோசியமா பாக்குறோம்?

அம்பத்தூர்_அவசரம்: 200 வாட், ஸ்பீடு செகண்டுக்கு 1000 மிமீ, ஹேட்ச் 0.1 மிமீ, ஆர்கான். லேயர் மட்டும் 20 மைக்ரான்லேர்ந்து 60 ஆக்கினோம், டெலிவரி லேட்டாகுதேன்னு

லேயர்லோகு: "மட்டும்"ஆ 😂 200ஐ 1000, 0.1, 0.06 மூணையும் பெருக்கி வகுத்துப் பாருங்க, கன மில்லிமீட்டருக்கு 33 ஜூல். முன்னாடி 100 இருந்துச்சு. கீழ் லேயர் வரைக்கும் சரியா உருகல, நடுவுல தட்டை தட்டையா ஓட்டை. படுக்க வச்ச பீஸ்ல ஓட்டைக்கு இணையா இழுக்குறீங்க, தப்பிச்சிடுது. நிக்குறதுல நேரா பிளக்குது

மூத்த_உலோகன்: அந்த ஜூல் கணக்கு வேதவாக்கு இல்ல. பவர், ஸ்பீடு ரெண்டையும் டபுள் பண்ணுங்க, அதே நம்பர்தான் வரும், உருகுற குளம் வேற மாதிரி ஆயிடும். சும்மா பவர ஏத்துனா கீஹோல் (லேசர் ஆழமா துளைக்குற குழி) விழுந்து உருண்டை ஓட்டை வரும்

லேயர்லோகு: வேதவாக்குன்னு யார் சார் சொன்னா? 100 எங்க 33 எங்க

பவுடர்பாண்டி: ஈரமா இருந்தா பவுடர் கட்டி தட்டும், ரீகோட்டர் ஒழுங்கா பரப்பாது. அத யாரும் பேசல

சும்மா_பாத்தேன்: ஹீட் ட்ரீட் பண்ணிட்டா சரியாகாதா?

மூத்த_உலோகன்: ஓட்டை மூடாது. 1050 டிகிரில அனீல் பண்ணா யீல்டும் இறங்கிடும், பிரிண்ட் ஆனது சாதா தகட்ட விட யீல்டு கூட நிக்கிறதே உள்ள இருக்குற நுண்ணிய செல் அமைப்பாலதான், அது கரைஞ்சு போயிடும். ஹிப் (சூடும் கேஸ் அழுத்தமும் சேத்து அமுக்குறது) போட்டா உள் ஓட்டை மூடும், வெளிப்பக்கம் திறந்திருக்கறது மூடாது

அம்பத்தூர்_அவசரம்: மைக்ரோஸ்கோப்ல பாத்தாச்சு, உடைஞ்ச இடத்துல உருகாத பவுடர் உருண்டை உருண்டையா ஒட்டிட்டு இருக்கு. லேயர 30 மைக்ரான்ல போட்டிருக்கோம், பில்ட் ஓடுது. நன்றி

பவுடர்பாண்டி: பவுடர காய வச்சீங்களா இல்லையா?