பின்கட்டு அடுப்புக்கு எரிவாயுக் குழாய் நீட்டிய கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் பின்புறத்தைச் சென்ற ஆண்டு நீட்டிக் கட்டினோம். பழைய சமையலறையில் இரண்டு கண் அடுப்பு, அதன் அடியிலேயே 14 கிலோ தோம்பு (எரிவாயு சிலிண்டர்), இடையில் இரண்டு முழ ரப்பர் குழாய் என்று பல ஆண்டுகள் குறையில்லாமல் ஓடிவிட்டன. புதிய இடத்துக்கு நான்கு கண்ணும் கீழே ஓவனும் சேர்ந்த பெரிய அடுப்பு வாங்கினோம். தோம்பை வெளிச்சுவரோரம் வைத்துவிட்டதால், அங்கிருந்து அடுப்பு வரை ஏறக்குறைய 6 மீட்டர் குழாய் தேவைப்பட்டது.

கட்டட வேலைக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் தாமே இழுத்துத் தருவதாகச் சொல்லி 80 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். இரண்டு ரப்பர் குழாய்களைப் பித்தளை இணைப்பால் ஒட்டவைத்து, அலமாரிக்குப் பின்னால் நுழைத்து, அன்று மாலையே அடுப்பை எரியவும் வைத்துவிட்டார். வேலை இத்தனை சீக்கிரம் முடிந்ததே என்று மகிழ்ந்தவள் நான்தான்; அந்த அவசரத்துக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

தீபாவளிப் பலகாரம் சுடும்போதுதான் சிக்கல் தெரிந்தது. நான்கு கண்ணையும் ஓவனையும் சேர்த்து எரித்தால், முறுக்குச் சட்டியின் அடியில் இருந்த நெருப்பு விளக்குத் திரி அளவுக்குக் குறுகியது. தோம்பு தீர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றினோம்; அப்போதும் அதே கதை. மறுநாள் காலை, அடுப்பு எதுவும் எரியாத நேரத்தில், அலமாரியோரம் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, கேஸ் வாடை வருகிறது என்றார். நின்றுகொண்டிருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தோம்பில் வரும் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது என்பதால் தரையோடு படிந்து கிடக்கும். குனிந்தவருக்கே முதலில் வாடை எட்டும். என் கணவர் காற்றாடியைப் போட சுவிட்சை நோக்கிக் கையை நீட்ட, அம்மா போட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டார். சுவிட்சில் தெறிக்கும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதும். தோம்பின் வாயை மூடி, கதவுகளைத் திறந்து வைத்து, வாடை முழுவதும் போனபின் அலமாரியை நகர்த்தினோம். பிறகு வாயைச் சற்றே திறந்துவிட்டு, சவர்க்கார நுரையை இணைப்பில் தடவினோம். பித்தளையும் ரப்பரும் சேரும் இடத்தில் ஜவ்வரிசி அளவில் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய அம்மா, கழற்றிய குழாயை விரலால் நசுக்கிப் பார்த்து, இது நம் மரத்து ரப்பர் இல்லையே என்றார். அவர் சொன்னது சரிதான். இயற்கை ரப்பருக்குள் இந்த எரிவாயு ஊறி அதை உப்ப வைத்துவிடும் என்பதால், இதற்கான குழாய்களின் உட்புறத்தில் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். "காலமெல்லாம் பால் எடுத்தோம், நம்ம ரப்பர் நம்ம அடுப்புக்கே ஆகாதா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதன்பின், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற எரிவாயுக் குழாய்ப் பொருத்துநர் ஒருவரை ஈப்போவிலிருந்து வரவழைத்தோம். 1993ஆம் ஆண்டு எரிவாயு விநியோகச் சட்டத்தின் கீழ் இத்தகைய வேலையைத் தகுதி பெற்றவரே செய்ய வேண்டும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். வந்தவர் குழாயைத் தொடவே இல்லை; முதலில் அடுப்பின் பின்புறத் தகட்டில் இருந்த எண்களைப் படித்தார். எல்லாம் சேர்ந்து 12 கிலோவாட். ஒரு கிலோ எரிவாயுவில் ஏறக்குறைய 13 கிலோவாட் மணி ஆற்றல் இருப்பதால், எல்லாவற்றையும் முழுதாக எரித்தால் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும் என்று கணக்குப் போட்டார். அவ்வளவும் மெல்லிய குழாய் வழியே 6 மீட்டர் வரவேண்டும் என்றால் அழுத்தம் வழியிலேயே தேய்ந்துவிடும். விட்டம் பாதியானால் தடை பதினாறு மடங்கோ அதற்கு மேலோ கூடும்.

சுவரின் வெளிப்பார்வையில் செப்புக் குழாய், சுவரைத் துளைக்கும் இடத்தில் உறை, அடுப்பருகே கைக்கு எட்டும் வால்வு, கடைசியில் மட்டும் வளைந்துகொடுக்கும் சிறிய வளைகுழாய் என்று அவர் அமைத்தார். காற்றை அடைத்துக் கசிவைச் சோதித்தபின், எங்கள் வீட்டு ரோஜா சிரப்பைத் தண்ணீரில் கலந்து, U வடிவில் வளைத்த தெளிவான குழாயில் ஊற்றி இணைத்தார். தோம்பைத் திறந்ததும் இரு பக்கச் சிவப்பு நீருக்கும் இடையே 28 சென்டிமீட்டர் உயர வேறுபாடு நின்றது. அதுவே வீட்டு ரெகுலேட்டர் தரும் 2.8 கிலோபாஸ்கல் அழுத்தம். எல்லாக் கண்களையும் எரித்தபோதும் அது ஒரு விரற்கடை அளவே இறங்கியது. கூலியும் பொருளும் சேர்ந்து 650 வெள்ளி ஆயிற்று.

*

சகோதரிக்கு வணக்கம். கோலசிலாங்கூர் பக்கத்திலிருந்து என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். ஷா ஆலாமில் குழாய்வழி இயற்கை எரிவாயு வரும் அடுக்குமாடியில் இருந்த தம்பி, வீடு மாறும்போது தன் அடுப்பை எங்களுக்குக் கொடுத்தான். தோம்பில் இணைத்ததும் நெருப்பு மஞ்சளாக ஓங்கி எரிந்து பானையெல்லாம் கரி பிடித்தது. இயற்கை எரிவாயுவுக்கான ஜெட்டின் (அடுப்புக்குள் வாயுவைப் பீய்ச்சும் சிறு முனையின்) துளை பெரியது. தோம்பு வாயுவுக்குச் சிறிய துளை வேண்டும். ஜெட்டுகளை மாற்றியபின் நீல நெருப்பு வந்தது. அவன் சேர்த்துக் கொடுத்த கசிவு எச்சரிக்கைக் கருவியையும், அங்கே இருந்தது போலவே கூரையருகே மாட்டி வைத்திருந்தேன். இயற்கை எரிவாயு மேலே எழும். நம்முடையது கீழே படியும். இப்போது தோம்பு வாயுவுக்கு உரிய கருவியை வாங்கி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்தியிருக்கிறேன். ஒரு கேள்வி: அந்தச் சிறிய வளைகுழாயை எப்போது மாற்றுவீர்கள்?

*

ஐயாவுக்கு நன்றி. குழாயின் மேலேயே தேதி அச்சிட்டிருக்கிறது. பொருத்துநர் அதைப் பார்த்து, மாற்றவேண்டிய ஆண்டை வால்வின் அருகே எழுதி ஒட்டிச் சென்றார். அம்மாவுக்கு அந்தச் சீட்டில் நம்பிக்கை இல்லை. வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது சவர்க்கார நுரையைத் தொட்டுக்கொண்டு போய், ஒவ்வோர் இணைப்பிலும் தடவிப் பார்க்கிறார்.