உதவித்தொகை யாருக்கு: மதிப்பெண்ணா, ஊர்க்கூட்டமா?

கேள்வி:
ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும். ஊரில் பெரும்பாலும் தினக்கூலிகள், வருமானச் சான்று கிடையாது. கூரை, தரை, கால்நடை, படிப்பு இவற்றுக்கு மதிப்பெண் போட்டுப் பட்டியல் எடுப்பதா, ஊரார் கூடி யார் வீடு அதிக ஏழை என்று வரிசைப்படுத்தச் சொல்வதா?

பதில் 1:
மதிப்பெண் முறை வறுமையை அளப்பதில்லை, ஊகிக்கிறது. சம்பாதித்தவர் போன மாதம் இறந்திருந்தாலும் சிமெண்ட் சுவர் அப்படியேதான் நிற்கும், மதிப்பெண் இறங்காது. வெட்டுக்கோட்டை, அதாவது உதவி கிடைக்கும் வீட்டையும் கிடைக்காத வீட்டையும் பிரிக்கும் மதிப்பெண்ணை, ஒட்டிய வீடுகளில்தான் பிழை அதிகம். அந்த வீடுகளை மட்டுமாவது மறுபடி நேரில் பாருங்கள்.

பதில் 2:
இந்தோனேசியாவில் 640 குக்கிராமங்களில் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். குடும்பத்தில் தலைக்கு ஆகும் செலவை வைத்து ஏழை யார் என்று பார்த்தால் மதிப்பெண் முறை சற்றுத் துல்லியம். ஆனால் மக்கள் மனமார ஏற்றது ஊர்க்கூட்டப் பட்டியலைத்தான். கூட்டம் நீள நீள வரிசை பிசகியது. ஆகவே எல்லா வீடுகளையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். எந்த வீடு முதலில் என்பதைக் குலுக்கிப் போடுங்கள். புதிதாகக் குடிவந்தவர்களும் ஒதுக்கப்பட்டவர்களும் பட்டியலில் இருக்கிறார்களா என்று கூட்டத்துக்கு முன்பே வீடு வீடாகச் சரிபாருங்கள். விடுபட்டவருக்காகக் கூட்டத்தில் யாரும் பேசமாட்டார்கள்.

பதில் 3:
எந்த முறையானாலும் மேல்முறையீடு வேண்டும். கணக்கெடுத்தவரே மனுவையும் விசாரிக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் விதவைத் தாயைத் தனிக் குடும்பமாக எண்ணுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மனுக்கள் அங்கிருந்தும் கிளம்பும்.