அத்தை வீட்டுப் பூனையும் ஆஸ்திரேலியத் தேரையும்

அத்தை: பூனைக்குட்டி தேரையைக் கவ்விவிட்டது. வாயெல்லாம் நுரை. என்ன செய்வது?

மீனா: ஈரத் துணியால் வாயைத் துடையுங்கள் அத்தை. நுரை அடங்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அத்தை: துடைத்துவிட்டேன். கொஞ்சம் குறைந்திருக்கிறது. என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கதிர்: நம் ஊர்த் தேரை என்பதால் தப்பித்தது. ஆஸ்திரேலியாவில் நான் இருக்கும் டார்வின் ஊர்ப் பக்கம் என்றால் கதையே வேறு. கரும்பு வண்டைத் தின்னும் என்று 1935இல் ஹவாயிலிருந்து குயின்ஸ்லாந்துக்குத் தேரையைக் கொண்டுவந்தார்கள். வண்டு ஒழியவில்லை, தேரைதான் வடக்கெங்கும் பரவியது. அதைக் கடிக்கிற குவால் செத்துவிழுகிறது.

பெரியப்பா: மரத்தில் தூங்குமே, அதுவா?

கதிர்: அது கோலா பெரியப்பா. இது சின்னப் பூனை அளவு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. மாமிசம் தின்னும்.

பெரியப்பா: தேரை இல்லாத தீவில் கொண்டுபோய் விட்டால் தீர்ந்தது.

கதிர்: 2003இல் அதைத்தான் செய்தார்கள். நன்றாகவே பெருகின. 13 தலைமுறை கழித்துச் சிலவற்றைக் ககாடு காட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தால், டிங்கோ நாயைக் கண்டு ஒதுங்கத் தெரியவில்லை. பல இரையாகிவிட்டன.

மீனா: அதற்குள்ளா பயம் போய்விடும்?

கதிர்: ஆண் குவாலுக்கு ஆயுசே ஏறக்குறைய ஒரு வருடம். 13 தலைமுறை என்பது நீ பள்ளிக்கூடம் முடித்த காலம்தான்.

ஆனால் குயின்ஸ்லாந்தில் சில இடங்களில் தேரைகளுக்கு நடுவிலேயே குவால்கள் பிழைத்திருந்தன. தேரையைத் தொடுவதே இல்லை. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் எலா கெல்லியும் பென் பிலிப்ஸும் அவற்றை இங்குள்ள வடக்குப் பிரதேசக் குவால்களோடு இணைசேர்த்தார்கள். பிறந்த குட்டிகளும் தேரையைச் சீந்தவில்லை. இத்தனைக்கும் அவை அதுவரை தேரையைப் பார்த்ததே இல்லை! 2017இல் டார்வினுக்கு அருகே, தேரை நிறைந்த இந்தியன் தீவில் 54 குவால்களை விட்டுச் சோதித்தார்கள்.

பெரியப்பா: ஆக, அசலூர் சம்பந்தம். பேசாமல் குயின்ஸ்லாந்துக் குவாலையே கொண்டுவந்து நிரப்பிவிடலாமே?

கதிர்: இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய குணம் உள்ளூர்க் குவாலிடம்தானே இருக்கிறது? அதையும் இழக்கக் கூடாது. தேரை வந்து சேர்வதற்கு முன்பே அசலூர்க் குவால்கள் சிலவற்றைக் கலந்துவிட்டால் போதும். கடிக்கிறவை சாகும், கடிக்காதவை குட்டி போடும். மிச்ச வேலையைத் தேரையே பார்த்துக்கொள்ளும்.

மீனா: அப்படியென்றால் அத்தையின் பூனை இனித் தேரைப் பக்கம் போகாதா?

கதிர்: அது பட்டுத் தெரிந்துகொள்வது. பிறவியில் வருவது வேறு.

அத்தை: இதற்கு இரண்டும் இல்லை. மறுபடியும் குளியலறை வாசலில் போய் மோந்துகொண்டு நிற்கிறது.