கடலூர்: மனநலக் குழுவைப் பள்ளிக்கு வரவழைப்பது எப்படி?

கடலூர் முதுநகர்ப் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். என் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஜூனிலிருந்து பள்ளியில் பேசுவதே இல்லை. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள். உதடு அசையும், சத்தம் வராது. சத்துணவு முட்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வெறும் தட்டோடு உட்கார்ந்திருப்பாள். பார்க்கவே மனசு தாங்கவில்லை.

காது, தொண்டை பார்த்தாயிற்று, குறையில்லை. அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மானஸ் 14416-இல் பொறுமையாகக் கேட்டார்கள். போனில் பிள்ளை வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒருமுறை புதுச்சேரி ஜிப்மருக்கும் போனோம். அம்மா மீன் விற்பவர். அடிக்கடி போனால் அன்றைய வருமானம் போய்விடும். இதே மாதிரி ஒடுங்கிப்போன பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

மாவட்ட மனநலத் திட்டக் குழு பள்ளிக்கே வந்து பார்க்க, தலைமையாசிரியர் யாருக்குக் கடிதம் எழுத வேண்டும்?