மறுமொழி: ‘டிக்ளரேட்டிவ்’ என்பதற்கு ‘நிலையுரை’ சரிவருமா?

நண்பர்களே, வணக்கம்.

நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவைக்கிறோம். இந்த முறையை ஆங்கிலத்தில் ‘டிக்ளரேட்டிவ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் இதுவரை வந்தவை அறிவிப்புமுறை, பிரகடனமுறை, சாற்றுமுறை. மூன்றுமே ‘டிக்ளேர்’ என்ற வினையைப் பிடித்துக்கொண்டு பிறந்தவை. எனக்கு இடிப்பது அங்கேதான்.

‘பேட்டரி குறைகிறது’ என்று திரையில் எட்டிப் பார்க்கிறதே, அதற்கு ‘அறிவிப்பு’ என்று பெயர் வைத்துப் பல ஆண்டுகளாகிவிட்டன. நிரலில் மாறியை டிக்ளேர் செய்வதையும் அறிவித்தல் என்றே எழுதுகிறோம். இனி ‘அறிவிப்புமுறை மேசைத்தளம்’ என்றால், ஓயாமல் டிங் டிங் என்று கூப்பிடும் கணினி என்றுதான் படிப்பவர் நினைப்பார். பிரகடனம் என்றாலே நெருக்கடி நிலை ஞாபகம் வருகிறது. சாற்றுமுறையை முன்வைத்த ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சொல் வைணவக் கோயில்களில் ஏற்கெனவே புழங்குகிறது. பிரபந்தம் சேவித்து நிறைவு செய்வதற்கு அதுதான் பெயர். கிடைக்கப்போவது புளியோதரை என்று எண்ணி வருபவருக்கு நாம் நிக்ஸ்ஓஎஸ் கொடுக்க முடியாது.

சரி, அந்தக் கோப்பில் அப்படி என்னதான் இருக்கிறது? என் மடிக்கணினியின் ‘கான்பிகரேஷன்.நிக்ஸ்’ கோப்பில் மென்பொருள்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பயர்பாக்ஸ் ஒரு வரி. அதை ‘நிறுவு’ என்று எங்கும் சொல்லவில்லை. அந்த வரியை அழித்துவிட்டு ‘நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் ஸ்விட்ச்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், கோப்பின்படி அமைவு புதிதாக உருவாகும்; அந்த அடுத்த தலைமுறையில் பயர்பாக்ஸ் இருக்காது. ‘நீக்கு’ என்றும் நான் சொல்லவில்லை. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் ஆப்ட் என்ற கருவி கொண்டு மென்பொருளைப் போடவும் எடுக்கவும் தனித்தனிக் கட்டளை உண்டு. எதற்குப் பின் எது என்ற வரிசையும் முக்கியம். இங்கே பட்டியலை மேலும் கீழுமாகக் கலைத்துப் போட்டாலும் வந்து சேரும் கணினி அதேதான். கோப்பு எதையும் செய்யச் சொல்லவில்லை. எது எது இருக்க வேண்டும் என்று மட்டும் உரைக்கிறது. ஆகவே ‘நிலையுரை’: நிலையுரைக் கோப்பு, நிலையுரை அமைவு.

இதன் அருமை எனக்குப் புரிந்தது பழைய மடிக்கணினியின் வட்டு போன அன்று. கோப்பு வேறிடத்தில் பத்திரமாக இருந்தது. புதிய கணினியில் வன்பொருள் பகுதியை மட்டும் மறுபடி உருவாக்கிக்கொண்டு மீதியை அப்படியே போட்டேன். ஒரே மாலையில் எழுத்துருக்கள், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், அதற்கான எம்17என் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் தட்டினால் ஆங்கிலம்தான் விழுகிறது! க்னோம் என்ற மேசைத்தளத்தின் அமைப்புகளில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தது நான் எப்போதோ சுட்டியால் சொடுக்கிச் செய்தது. அது க்னோம் தன் அமைப்புகளைச் சேமிக்கும் டிகான்ஃபில் போய் உட்கார்ந்திருந்தது, கோப்புக்கு வரவில்லை. உரைக்காத நிலை வந்து சேரவில்லை. பிறகு அதையும், பயனரின் சொந்த அமைப்புகளைக் கோப்பில் எழுத உதவும் ஹோம் மேனேஜர் வழியாக எழுதிவைத்தேன்.

எதிர்ப்பக்கமான ‘இம்பெரேட்டிவ்’ என்பதற்கு ‘ஏவல்முறை’ போதும். ‘செய்’ என்று ஏவுவதை இலக்கணம் ஏவல் வினை என்றுதான் சொல்கிறது. பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரிந்த சொல். இந்தச் சோடி நமக்குக் கட்டாயம் வேண்டும். நிக்ஸ்ஓஎஸ் பயன்படுத்தும் நிக்ஸ் என்ற மென்பொருள் மேலாளரிலேயே ‘நிக்ஸ்-என்வ்’ என்ற கட்டளை கொண்டு ஏவல்முறையில் மென்பொருள் போடலாம், கையேடுகள் இரண்டையும் அடிக்கடி ஒப்பிடுகின்றன.

என் சொல்லில் ஓட்டை இல்லாமல் இல்லை. ‘நிலை’ என்றதும் சிலருக்கு அசையாதது என்று தோன்றலாம். வீடு கட்டும்போது வாசலுக்கு நிலை வைக்கிறோமே, அந்த நிலை என்று நினைத்தால் எனக்கு உறுத்தவில்லை. பெரிய ஓட்டை வேறு. தரவுத்தளத்தை வினவும் எஸ்கியூஎல், நிரல்மொழியான புரோலாக் ஆகியவற்றையும் டிக்ளரேட்டிவ் என்கிறார்கள். எஸ்கியூஎல் வினவல் கேட்பது ஒரு விடையை, கணினியின் நிலையை அன்று. அங்கே நிலையுரை பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இடம் பார்த்து இரண்டு தமிழ்ச் சொற்கள் வைத்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது என்பது என் கட்சி. அமைவுக்கு நிலையுரையை வைத்துக்கொள்வோம், நிரல்மொழிக்கு வேறொன்று தேடுவோம்.

அப்புறம், ‘ஜெனரேஷன்’ என்பதற்கு மேலே நான் ‘தலைமுறை’ என்று போட்டதை யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுகிறேன். முந்தைய தலைமுறைக்கே திரும்பிப் போகும் ‘ரோல்பேக்’ என்பதற்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. ‘பின்வாங்கல்’ என்றால் தோற்று ஓடுவது போல இருக்கிறது. மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்த வரியை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன், தோன்றுவதை எழுதுங்கள்.