மறு: சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை – பெயர்களை மாற்றுவோமா?

அன்பின் நண்பர்களே,

கொழும்புக்குப் பக்கத்தில் அத்திடியவில் எடுத்த முதலைப் படத்தை அனுப்பிய தம்பிக்கு முதலில் நன்றி. நாம் எழுதிவரும் சிறுவர் கையேட்டுக்கு அதைவிட நல்ல படம் கிடைக்காது. ஆனால் அதன் கீழே போட்டிருக்கும் 'சதுப்புநில முதலை' என்ற பெயரை எடுத்துவிட வேண்டும். பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலம்தானே, அங்கே கிடப்பது சதுப்புநில முதலைதான் என்று எழுதியவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவரில் பிழையில்லை, பெயர் அப்படித்தான் வழிகாட்டுகிறது. படத்தில் இருப்பதோ நாம் 'உவர்நீர் முதலை' என்று எழுதிவரும் மற்ற இனம்.

படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். தலை முடிந்து கழுத்து தொடங்கும் இடம் வெறுமையாக இருக்கிறது. சதுப்புநில முதலையென்றால் அந்த இடத்தில் நான்கு பெரிய செதில்கள் குறுக்கே வரிசையாக எழும்பி நிற்கும். மூக்கையும் கவனியுங்கள். இரண்டு கண்களுக்கும் முன்னாலிருந்து இரண்டு புடைப்புகள் வயல் வரம்பு போல மூக்கின் நடுப்பகுதிவரை இறங்குகின்றன. சதுப்புநில முதலையின் மூக்கு அகன்று, பெரும்பாலும் சமமாக இருக்கும். இந்த இரண்டையும் பார்த்தால் போதும், இனம் தெரிந்துவிடும்.

இலங்கையில் இருப்பவை இரண்டே இனங்கள். ஒன்று, நாம் 'சதுப்புநில முதலை' என்று எழுதும் குரோக்கடைலஸ் பலுஸ்திரிஸ். வறண்ட வலயத்துக் குளங்கள், வில்பத்துவில் 'வில்லு' எனப்படும் இயற்கை ஏரிகள், யாலவின் நீர்நிலைகள் இதன் வீடு. கோடையில் குளம் வற்றினால் கரையில் வளை தோண்டி உள்ளே கிடக்கும், இல்லாவிட்டால் தரைவழியே அடுத்த குளத்துக்கு நடக்கும். மற்றது, நாம் 'உவர்நீர் முதலை' என்று எழுதும் குரோக்கடைலஸ் போரோசஸ். முகத்துவாரங்கள், களப்புகள், கண்டல் காடுகள், ஆறுகளின் கீழ்ப்பகுதிகள், ஈரவலயத்துச் சதுப்புகள் எல்லாம் இதற்குரியவை. முத்துராஜவெலயில் இருப்பதும் பொல்கொடையில் இருப்பதும் மாத்தறையில் நில்வளா கங்கையில் இருப்பதும் இதுதான். ஆண் 6 மீற்றர்வரைகூட வளரும்.

இப்போது நம் பெயர்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'சதுப்புநில முதலை' என்று நாம் சொல்வது குளத்தில் இருக்கிறது. சதுப்பில் இருப்பதை 'உவர்நீர்' என்கிறோம். பலுஸ்திரிஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் 'சதுப்புக்குரிய' என்று பொருள். 1831இல் வைத்த அந்தப் பெயரை அப்படியே தமிழாக்கியதால் வந்த வினை இது. இலங்கையின் நிலத்தைப் பார்த்து யாரும் வைத்த பெயரல்ல.

இது வெறும் சொல் நுணுக்கம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கொழும்பில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் 2018இல் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் இது. வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் வீடுகளுக்கு நடுவே ஓடிக் கடலில் விழுகின்றன. 2022 ஜனவரியில் அந்தக் கரையோரத்தில் முதலை வந்து ஓர் உயிரும் போனது. 'உவர்நீர் முதலை' என்று படித்த பிள்ளை, கால்வாயில் ஓடுவது நல்ல தண்ணீர்தானே, அங்கே அது வராது என்று நினைத்தால் யார் பொறுப்பு? நாக்கிலுள்ள சுரப்பிகளால் உப்பை வெளியேற்ற முடிவதால் இந்த விலங்கு கடலைத் தாங்குகிறது, அவ்வளவுதான். நன்னீரிலும் தாராளமாக வாழும். முட்டையிடும் மேட்டைக்கூட நன்னீர்ச் சதுப்பின் புல்லையும் சேற்றையும் குவித்துக் கட்டும்.

சரி, என்ன பெயர் வைப்பது?

முதலாவதான பலுஸ்திரிஸுக்குக் 'குளத்து முதலை' போதும். வன்னிப் பக்கத்தார் பேச்சில் இப்படிக் கேட்டிருக்கிறேன். ஆற்றிலும் அது இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனாலும் இந்த நாட்டில் அதைத் தேடிப் போகிறவர் முதலில் போகவேண்டியது குளத்துக்குத்தான். இடப்பெயர் வைப்பதில் எனக்கு எதிர்ப்பில்லை, இடம் சரியாக இருக்கவேண்டும்.

இரண்டாவதான போரோசஸுக்கு 'இடங்கர்' என்ற யோசனை வந்திருந்தது. குறிஞ்சிப்பாட்டில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்றும் ஒரே அடியில் வருவது உண்மை. அந்தச் சொற்களின் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் எந்தச் சொல் எந்த விலங்கு என்று அந்த அடி பிரித்துச் சொல்லவில்லை. நாமாக ஒன்றை ஒட்டிவிட்டால், நாளைக்குச் சங்கப் பாட்டு படிக்கும் பிள்ளை நாம் ஒட்டியதையே சான்றாக எடுத்துக்கொள்ளும். அதைச் செய்யவேண்டாம்.

'செம்மூக்கன்' இந்த இனத்துக்கு ஏற்கனவே வழக்கில் உள்ள பெயர், அதை விடக்கூடாது. ஆனால் படத்தைப் பார்க்கும் பிள்ளை சிவந்த மூக்கைத் தேடும். ஆகவே கையேட்டில் தலைப்பாக 'வரம்புமூக்கு முதலை' என்று போட்டு, அடுத்த வரியில் 'செம்மூக்கன் என்றும் சொல்வர்' என்று சேர்க்கலாம் என்பது என் முன்மொழிவு. சிங்களத்தில் இதைக் 'கெட கிம்புலா' என்பதும் புடைப்பை வைத்துத்தான். போரோசஸ் என்ற சொல்லும் தடித்த புடைப்புகளையே குறிக்கிறது. நாமும் அதே மூக்கைப் பார்த்துப் பெயர் வைக்கிறோம். தமிழ்நாட்டு நண்பர்கள் 'வரப்பு' என்பீர்கள். இந்தக் கையேடு இங்குள்ள பிள்ளைகளுக்கு என்பதால் 'வரம்பு' இருக்கட்டும்.

இன்னும் மூன்று சொற்களை இதோடு முடித்துவிடலாம். கழுத்துத் தொடக்கத்திலுள்ள அந்த நான்கு செதில்களுக்குப் 'பிடரித் தகடு'. வரம்புமூக்கு முதலை குவிப்பது 'முட்டை மேடு'. குளத்து முதலை மண்ணைத் தோண்டி இடுவது 'முட்டைக் குழி'. 'கூடு' என்று எழுதினால் பிள்ளைகள் மரத்தைப் பார்ப்பார்கள்.

நில்வளா கங்கையில் ஆட்கள் பயமின்றிக் குளிப்பதற்காக ஆற்றுக்குள் அடைத்துக் கட்டும் வேலிக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. வரைவிலுள்ள 'முதலைக் கூண்டு' தலைகீழான பொருள் தருகிறது, உள்ளே நிற்பது மனிதர். 'குளிப்பு அடைப்பு' சரிவருமா? தென்பகுதியில் வேலை செய்த அக்கா ஒருவர் இங்கே இருக்கிறார். அங்குள்ள தமிழர் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று அவர் எழுதினால், அதையே எடுத்துக்கொள்வோம்.