மறு: மடியுறை – இடுப்புக்குள் செருகும் கைத்துப்பாக்கி உறைக்கு ஒரு சொல்

குழுமத்தாருக்கு வணக்கம்.

உரிமம் வைத்திருக்கும் ஏலத்தோட்டக்காரர்களுக்காக நாம் தொகுக்கும் பாதுகாப்புக் கையேட்டில், கைத்துப்பாக்கியை உடம்போடு வைத்துக்கொள்வது பற்றிய பகுதி சொல் முடிவாகாமல் தேங்கிக் கிடக்கிறது. வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்தே இங்கே பதில் எழுதுகிறேன்.

> ஹோல்ஸ்டர் என்றே எழுதிவிடலாமே அண்ணா? போடியிலும் கம்பத்திலும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

சொல்கிறார்கள் தம்பி. ஆனால் பாதிப் பேர் 'கவர்' என்கிறார்கள், சிக்கலே அங்கேதான். கவர் என்று கேட்டால் மெத்தென்று ஒரு நைலான் பையை எடுத்துப் போடுவார்கள். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்பார்கள். எதற்கும் சரியாகப் பொருந்தாது. அந்தப் பைக்குள் துப்பாக்கியை வைத்தால் விசை வளையம் (விசையை, அதாவது ட்ரிகரை, சுற்றியிருக்கும் வளையம்) துணிக்குப் பின்னால் இருக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் துணி உள்ளே குழிந்து விசையையே தொடும். இடுப்பில் சாவிக்கொத்தும் பெல்ட் முனையும் இடிக்கிற இடத்தில் அதை வைத்துக்கொண்டு நடமாடுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

ஆகவே கையேட்டில் 'உறை' என்ற சொல்லுக்கு ஒரு வரையறையே கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. துப்பாக்கியின் வடிவத்துக்கே செய்தது, விசை வளையத்தை முழுதாக மூடுவது, வெளியிலிருந்து அழுத்தினாலும் விசை அசையாதது, தலைகீழாகப் பிடித்தாலும் துப்பாக்கி நழுவாதது: இது உறை. மற்றதெல்லாம் பை. வாளுறை, கையுறை என்று வடிவத்துக்கு அளவெடுத்த பொருளுக்கு நாம் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறோம். 'இது உறையா, பையா?' என்று ஒருவர் கடையில் நின்று கேட்கும்படி ஆகிவிட்டால் கையேட்டின் வேலை பாதி முடிந்த மாதிரி.

> 'கரந்துறை' என்பது என் பரிந்துரை. மறைவாக எடுத்துச்செல்லும் உறை என்ற முழுப்பொருளும் இரண்டே சொல்லில் வந்துவிடுகிறது.

ஐயா, கேட்க அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும் கரந்துறைப்பாட்டைப் படித்தவர்களுக்கு உடனே பிடிக்கும். ஆனால் எனக்கு இரண்டு தயக்கம் உண்டு.

முதலாவது, மறைவு என்பது எல்லா உறைக்கும் பொது. சட்டையைத் தொங்கவிட்டால் பெல்ட்டுக்கு வெளியே மாட்டிய உறையும் மறைவுதான். கணுக்காலில் கட்டியதும் மறைவு, கக்கத்தில் தொங்குவதும் மறைவு. வாங்குகிறவர் கேட்பது 'எந்த இடத்தில் வைப்பது' என்றுதான். அதைச் சொல்லாத பெயர் அவருக்கு உதவாது.

இரண்டாவது கொஞ்சம் பெரியது. 'மறைத்து வைத்திருந்த துப்பாக்கி பறிமுதல்' என்று செய்தித்தாளில் படித்துப் படித்து, மறைத்தல், கரத்தல் என்றாலே நம் காதில் குற்றம்தான் விழுகிறது. சட்டம் சொல்வதோ நேர்மாறு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில் உடம்போடு சேர்த்தோ, தோள்பை போன்ற ஒன்றிலோதான் கொண்டுபோக வேண்டும். அது முழுக்க மூடியிருக்க வேண்டும், வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். மூடாமல் வெளியே தெரியும்படி திரிவதுதான் தவறு. அதனால் 'மறைத்து' என்பதை விட்டு 'மூடி எடுத்துச்செல்லல்' என்று எழுதுவோம். சட்டம் கேட்பதை அப்படியே சொல்கிறது, யாரையும் குற்றவாளியாகக் காட்டவும் இல்லை.

சரி, இடுப்புக்குள் செருகுவதற்கு 'மடியுறை' என்கிறேன். நம் பக்கம் வேட்டி கட்டுகிறவர் பணத்தை, பொடி மட்டையை, துண்டுச் சீட்டை மடியில்தான் செருகுகிறார். துணிக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள இடத்துக்கு இதைவிடச் சரியான சொல் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. மலை ஏறிக் கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் போனாலும் மலையாளத்தில் மடிக்குத்து என்றால் இதே இடம்தான், உறைக்கு அங்கே 'உற'. போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் நிற்கும் மலையாளக் காவலரிடம் 'துப்பாக்கி மடியுறையில் இருக்கிறது சார்' என்று கைகளை வெளியே வைத்துக்கொண்டு சொன்னால், விளக்கம் கேட்காமலே அவருக்குப் புரியும். அந்த இடத்தில் சொல் புரியாமல் கையை இடுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் ஆபத்து. (உரிமத்தில் கேரளம் சேராதவர்கள் அதைக் கீழேயே வைத்துவிட்டு ஏற வேண்டும். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.)

மடி என்றால் சோம்பல் என்றும் பொருள் உண்டே, பசுவின் மடியும் உண்டே என்று ஒரு தோழி எழுதியிருந்தார். சொல் நிற்கும் இடம் பொருளைக் காட்டிவிடும் அம்மா. மடிச்சீலை என்றால் யாரும் சோம்பலை நினைப்பதில்லை.

மடியுறை என்று வைத்துக்கொண்டால் இன்னொரு நன்மை: இடத்தைப் பிரித்துச் சொல்லலாம். தொப்புளுக்குச் சற்றுப் பக்கவாட்டில், முன்னால் வைப்பது முன்மடி. இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் வைப்பது பக்கமடி. சௌகரியம் என்று எல்லாரும் கேட்பதற்குப் பதில் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது. முன்மடியில் எடுப்பது சுலபம், ஆனால் உட்கார்ந்தால் குழல் முனை தொடை இடுக்கில் குத்தும், அது நோக்கி நிற்பதும் தொடை இரத்தக்குழாய் இருக்கும் பக்கம். தொந்தி உள்ளவருக்கு அது ஆகவே ஆகாது. புதிதாகப் பழகுகிறவருக்குப் பக்கமடியே நல்லது. நடு முதுகில் வைப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்; வழுக்கி மல்லாந்து விழுந்தால் முதுகெலும்பில் இரும்பு இறங்கும். மழைக்காலத்தில் ஏலக்காட்டுச் சரிவில் வழுக்காத ஆள் யார்?

> ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் ஒரே மடியுறை போதுமா?

போதாது. கான்பூர் .32 ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் கைத்துப்பாக்கி உரிமக்காரர்களில் பலருக்கு அதுதான். ஆறு குண்டுச் சுழலறைதான் அதில் தடிமனான இடம். அது இடுப்பெலும்பின் மேலேயே உட்கார்ந்தால் பூப்பாறை போய்ச் சேர்வதற்குள் தோல் சிவந்துவிடும். 2014இல் வந்த நிர்பீக் என்ற ரிவால்வர் அரைக்கிலோதான், ஆனாலும் சுழலறையின் புடைப்பு புடைப்புத்தான். உறையைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் புடைப்பு எலும்பைத் தாண்டிச் சதையில் அமரும். இதற்குத்தான் 'அமர்வுயரம்' என்ற சொல் வேண்டும் என்கிறேன். பிடி முன்பக்கமாகச் சரிவது 'முன்சாய்வு'. சாய்வு சரியாக அமைந்தால் பிடியின் அடி விலாவோடு ஒட்டிக்கொள்ளும், சட்டையில் முட்டிக்கொண்டு தெரியாது. அப்படித் தெரிவதற்குத் தம்பி கொடுத்த 'துருத்தல்' அருமையான சொல். மாற்றுப் பேச்சே வேண்டாம்.

போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவு. ஜீப்பில் ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பு சாயும்போது உறை பெல்ட்டோடு நிற்கிறதா, தனியாக நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். வாங்குமுன் கடையிலேயே முக்காலியில் உட்கார்ந்து, குனிந்து செருப்பு வாரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வெற்றுத் துப்பாக்கியோடுதான். நின்று பார்த்து வாங்கிய உறை உட்கார்ந்ததும் குத்தும். பெல்ட்டும் முக்கியம். நம் வியாபாரிகள் கட்டும் அகலமான பச்சை பெல்ட் இதற்கு ஆகாது; உறையின் கொக்கி அந்த அகலத்தைக் கவ்வாது, பெல்ட்டும் தொளதொளவென்று இருக்கும். விறைப்பான, ஒன்றரை அங்குலப் பெல்ட் போட்டால் பாரம் இடுப்பைச் சுற்றிப் பரவும்.

தோலா கைடெக்ஸா என்ற கேள்விக்கு மலைக்காரனாக என் பதில்: ஆனி ஆடியில் தோலுறையில் பச்சையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். அது வியர்வையையும் குடிக்கும். இரவெல்லாம் துப்பாக்கியை அதிலேயே விட்டால் துரு பிடிக்கும். இதைவிடப் பெரிய கவலை, நைந்துபோன தோலுறையின் வாய். அந்த ஓரம் உள்ளே மடங்கியிருக்கும்போது துப்பாக்கியைத் திரும்பச் செருகினால் மடிப்பு விசையில் மாட்டும். குண்டு வெடித்தால் போவது அவர் தொடைக்குள்தான். கைடெக்ஸ் கெட்டிப் பிளாஸ்டிக். வாய் எப்போதும் திறந்தே நிற்கும், நனைந்தால் துடைத்தால் போதும், துப்பாக்கி உட்கார்ந்ததும் 'டக்' என்று சத்தம் கேட்கும். ஓரம் தோலை அறுக்கும் என்பது மெய்தான், உள்ளே பனியன் போட்டால் தீர்ந்தது. எந்த உறையானாலும், துப்பாக்கியை முதலில் உறைக்குள் வைத்து, இரண்டையும் சேர்த்தே மடியில் செருகிக் கொக்கியை மாட்டுவது உத்தமம்.

அப்புறம், வெளியே மாட்டுவதற்குக் 'கச்சையுறை', கணுக்காலுக்குக் 'கணுக்காலுறை' (காலுறை என்றால் சாக்ஸ் ஆகிவிடும்), கக்கத்துக்குக் 'கக்கவுறை' என்று வைத்திருக்கிறேன். இவற்றில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

மடியுறைக்கும், உறை–பை வேறுபாட்டுக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ஆம்பூர் நண்பருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: உறையின் வாய் மடங்காமலிருக்க உள்ளே வைத்துத் தைக்கும் கெட்டிப் பட்டைக்கு அங்கே தோல் வேலை செய்கிறவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுத முடியுமா? நான் 'வாய்ப்பட்டை' என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் கையில் புழங்கும் சொல் கிடைத்தால் என்னுடையதை எடுத்துவிடலாம்.

அன்புடன்,
போடியிலிருந்து